நகரம் விரியும்போது தெருக்களின் இணைப்பு கூடுமா, குறையுமா?

தெருக்களின் மொத்த நீளம் கூடும். இணைப்போ பெரும்பாலும் குறையும். அதற்குக் காரணம் வளர்ச்சி அன்று, நிலத்தை மனைகளாகப் பிரிக்கும் முறையே என்பது என் உறுதியான கருத்து.

இணைப்பை அளக்க எளிய வழி உண்டு. தெருத் துண்டுகளின், அதாவது இரு சந்திப்புகளுக்கு இடைப்பட்ட தெருப்பகுதிகளின், எண்ணிக்கையைச் சந்திப்புகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். முட்டுச்சந்தின் முனையையும் ஒரு சந்திப்பாகவே கொள்ள வேண்டும். எங்கும் நாற்சந்திகளாக உள்ள கட்ட அமைப்பில் இவ்விகிதம் 2ஐ நெருங்கும். மரக்கிளைகளைப் போலப் பிரிந்து பிரிந்து முட்டி நிற்கும் அமைப்பில் அது 1ஐக்கூட எட்டாது.

நியூயார்க்கின் மன்ஹாட்டனுக்கு 1811இலும் பார்சிலோனாவின் விரிவாக்கத்துக்கு 1859இலும் தெருக்களை முதலில் வரைந்தார்கள். வீடுகள் பின்னர் வந்தன. கார் பெருகிய காலத்தில் இந்த முறை மாறியது. நியூ ஜெர்சியில் 1929இல் உருவான ராட்பர்ன் குடியிருப்பில், வீடுகள் அமைதியாக இருக்கவும் பிள்ளைகள் அச்சமின்றி விளையாடவும் முட்டுச்சந்துகளை அமைத்தார்கள். ஆனால் அவற்றின் பின்புறம் பூங்காவழியே நடைபாதைகளையும் சாலைக்கு அடியில் ஒரு சுரங்கப்பாதையையும் சேர்த்தே அமைத்தார்கள். பின்பற்றியவர்களில் பலர் முட்டுச்சந்தை எடுத்துக்கொண்டு நடைபாதையை விட்டுவிட்டார்கள் என்பதுதான் எனக்கு மிகுந்த வருத்தம் தருவது. அதன் விளைவாக, கொல்லைச் சுவர் ஒட்டியிருக்கும் இரண்டு வீடுகளுக்கு இடையே போய்வரக்கூட, உள்தெருவிலிருந்து வெளியேறி, பெருஞ்சாலையைச் சுற்றி, அடுத்த மனைப்பிரிவின் ஒரே வாயில்வழியே நுழைய வேண்டியிருக்கிறது. எல்லா மனைப்பிரிவுகளின் போக்குவரத்தும் அந்த ஒரு சாலையில் கொட்டுவதால் அது திணறுகிறது. பேருந்து உள்ளே சென்று மறுபக்கம் வெளியேற வழியில்லை. விபத்தொன்றில் வாயில் அடைபட்டால் ஆம்புலன்சுக்கும் மாற்றுவழி கிடையாது.

இந்தப் போக்கைத் திருப்ப முடியும். அமெரிக்காவில் புதிய தெருக்களின் இணைப்பு 1990களின் நடுப்பகுதி வரை குறைந்து, பின்னர் மீண்டும் கூடத் தொடங்கியது. ஆனால் முன்பே போட்ட தெருக்களை மாற்றுவது மிகக் கடினம், ஏனெனில் கட்டடத்தை இடிக்க ஓர் உரிமையாளர் இசைந்தால் போதும், தெருவை நகர்த்த இருபுறமும் உள்ள அனைவரும் இசைய வேண்டும். 1666இன் பெருந்தீயில் லண்டனின் பெரும்பகுதி எரிந்தபோதும், புதிய திட்டங்கள் பல முன்வைக்கப்பட்டும், நகரம் ஏறக்குறைய பழைய தெருக்கோடுகளிலேயே மீண்டும் எழுந்தது.

ஆகவே மனைப்பிரிவு வரைபடத்துக்கு ஒப்புதல் அளிக்கும் நாள்தான் முக்கியமானது. அன்று நான் முதலில் பார்க்கச் சொல்வது அதன் எல்லைக்கோட்டை: பக்கத்து வெற்று நிலத்தை நோக்கி எத்தனை தெருக்கள், நாளை நீட்டுவதற்கு ஏற்றவாறு, மதிற்சுவர் எழுப்பாமல் திறந்து விடப்பட்டுள்ளன?