குவேக்கர் நம்பிக்கை அன்றாட வாழ்க்கையையும் தொழிலையும் எப்படித் தீர்மானிக்கிறது?

கேள்வியின் சாரம் இது: குவேக்கர்கள் 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் தோன்றிய, எண்ணிக்கையில் சிறிய கிறிஸ்தவப் பிரிவு. ஆனால் வங்கி, சாக்லேட், இரும்பு, சிறைச் சீர்திருத்தம், அடிமை ஒழிப்பு என்று எதைத் தொட்டாலும் அவர்கள் பெயர் வருகிறது. அவர்களுடைய நம்பிக்கை தொழிலுக்குள் எப்படி இறங்கியது?

சத்தியப் பிரமாணத்திலிருந்து ஆரம்பித்தால் சட்டென்று பிடிபடும். நம்மூர் அமைச்சர்கள் பதவியேற்கும்போது சிலர் கடவுள் பெயரில் ஆணையிடுவதையும் சிலர் 'உளமார' உறுதி கூறுவதையும் பார்த்திருப்பீர்கள். ஆங்கிலேயச் சட்டத்தில் அந்த இரண்டாவது வழி 1696இல் குவேக்கர்களுக்காகத் திறந்தது. அதுவரை அவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. 'பரிச்சேதம் சத்தியம்பண்ணவேண்டாம்' என்ற மத்தேயு வசனத்தை அவர்கள் எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டார்கள். கூண்டில் ஏறிச் சத்தியம் செய்தால், கூண்டுக்கு வெளியே பேசுவதில் உண்மை குறைச்சல் என்று தானே ஒப்புக்கொண்டதாகிவிடும் என்பது அவர்கள் வாதம். வேறு குற்றம் எதுவும் நிற்காதபோது நீதிபதிகள் அரச விசுவாசப் பிரமாணத்தை நீட்டுவார்கள். மறுத்தால் சொத்துப் பறிமுதல், சிறை. இயக்கத்தின் தாய் எனத் தகும் மார்கரெட் ஃபெல் 1664இல் இப்படித்தான் உள்ளே போனார். வெளியே வர நான்கு ஆண்டாயிற்று.

மற்றதெல்லாம் இதே வேரிலிருந்துதான் கிளைக்கிறது. உண்மைக்கு இரண்டு தரம் இல்லை என்றால் விலைக்கும் இரண்டு இருக்க முடியாது. அன்றைய இங்கிலாந்துக் கடைகளில் பேரம்தான் வழக்கம். பத்து என்று சொல்லி ஏழுக்குக் கொடுப்பவர், அந்தப் பத்தைச் சொன்னபோதே பொய் சொல்லிவிட்டார் என்று இயக்கத்தைத் தொடங்கிய ஜார்ஜ் ஃபாக்ஸ் கருதினார். குவேக்கர் கடைகள் கறார் விலைக்கு மாறின. முதலில் வாடிக்கை குறைந்தது. பிறகு, சின்னப் பிள்ளையிடம் காசு கொடுத்தனுப்பினாலும் ஏமாற்ற மாட்டார்கள் என்ற பெயர் பரவி, கூட்டம் திரும்பி வந்தது.

மனிதரிலும் இரண்டு தரம் இல்லை. அக்கால ஆங்கிலத்தில் 'தௌ' நம் 'நீ' மாதிரி, 'யூ' நம் 'நீங்கள்' மாதிரி. குவேக்கர்கள் பிரபுவையும் நீதிபதியையும் 'தௌ' என்றே அழைத்தார்கள், யார் முன்னும் தொப்பியைக் கழற்றவில்லை. கலெக்டரை 'நீ' என்று கூப்பிட்டுப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று தமிழருக்கு விளக்கவே வேண்டாம். உள்ளொளி, அதாவது மனிதருக்குள் இருக்கும் கடவுளின் ஒளி, எல்லோருக்குள்ளும் இருக்கிறது என்பது கொள்கை. அதை நாவில் ஏற்றியதற்குத்தான் அடி விழுந்தது.

இனி தொழில். பிரமாணம் எடுக்காததால் அரசுப் பதவி இல்லை. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் கதவுகள் முழுதாகத் திறந்தது 1871இல்தான். ஆயுதம் தொட மாட்டார்கள் என்பதால் ராணுவமும் இல்லை. மிஞ்சியவை வணிகமும் கைத்தொழிலும். 1709இல் இங்கிலாந்தின் கோல்ப்ரூக்டேலில் ஆபிரகாம் டார்பி என்ற குவேக்கர், மரக்கரிக்குப் பதில் கோக் (சுட்டெடுத்த நிலக்கரி) போட்டு இரும்பு உருக்கினார். பார்க்லேஸ், லாய்ட்ஸ் வங்கிகள், கிளார்க்ஸ் செருப்பு, கேட்பரி, ரௌன்ட்ரீ, ஃப்ரை சாக்லேட் எல்லாமே குவேக்கர் குடும்பங்கள் வளர்த்தவை.

கெட்டிக்காரத்தனத்தால் மட்டும் இதெல்லாம் வந்துவிடவில்லை. மேலே ஒரு கண் இருந்தது. ஆண்டுக்கு ஒரு முறையாவது உன் கணக்கை நேராகப் பார், தாங்கக்கூடிய அளவுக்கு மேல் கடன் வாங்காதே என்று சபை எழுத்திலேயே அறிவுறுத்தியது. ஒருவர் சறுக்குகிறார் என்று தெரிந்தால் மூத்தவர்கள் வீடு தேடி வருவார்கள். திவாலாகிக் கடன்காரர்களை நட்டாற்றில் விட்டால் சபையிலிருந்து நீக்கம். கண் தளர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு 1866இல் விழுந்த ஓவரெண்ட் கர்னி சாட்சி. குவேக்கர் வங்கி மரபில் வந்த அந்த நிறுவனம் ஏறக்குறைய 1.1 கோடி பவுண்டு பாக்கியோடு கதவை மூடியது.

என்ன தொழில் செய்யலாம் என்பதிலும் சபை தலையிட்டது. பர்மிங்காமில் துப்பாக்கி செய்த சாமுவேல் கால்டன், வரி கட்டும் எல்லோருமே போருக்குப் பணம் தருகிறவர்கள்தானே என்று வாதாடினார். வாதம் பலமானதுதான். ஆனாலும் 1796இல் அவரை நீக்கினார்கள்.

ஆனால் மேலிருந்து வந்த தடையைவிட உள்ளிருந்து எழும் 'ஏவுதல்'தான், இதைச் செய் அல்லது செய்யாதே என்று கடவுள் உள்ளே தூண்டுவதாக உணர்வதுதான், குவேக்கர் வாழ்வின் மையம். அமெரிக்காவின் நியூஜெர்சியில் வாழ்ந்த ஜான் உல்மன் (1720–1772) அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இளைஞராகக் கடையில் வேலை பார்த்தபோது, ஓர் அடிமைப் பெண்ணை விற்கும் பத்திரம் எழுதச் சொன்னார் முதலாளி. வாங்குபவர் அங்கேயே காத்திருந்தார். எழுதிவிட்டார். ஆனால் இது கிறிஸ்தவத்துக்கு ஒவ்வாதது என்று இருவர் முன்னிலையிலும் சொன்னார். சொல்லியும் மனம் ஆறவில்லை.

பிறகு ஒருமுறை, உடம்பில் பலமாக அடிபட்டுக் கிடந்த அண்டை வீட்டுக்காரர் உயில் எழுதித் தரச் சொன்னார். அடிமைப் பெண் எந்தப் பிள்ளைக்குப் போக வேண்டும் என்பதும் அதில் இருந்தது. உல்மன் அந்தப் பகுதியை மட்டும் விட்டுவிட்டு மீதியை எழுதி, படுக்கையருகே கொண்டுபோனார். இதற்குக் கூலி வேண்டாம், அந்த ஒன்றை மட்டும் என்னால் எழுத முடியாது என்று அன்பாகச் சொன்னார். இருவரும் ஆழ்ந்து பேசிய பின் அவளை விடுவிக்க அண்டை வீட்டுக்காரர் சம்மதித்தார். உயில் முடிந்தது. யாரையும் சபிக்காமல் தன் பேனாவை மட்டும் நிறுத்திக்கொண்ட அந்த முறையை நான் பெரிதாக மதிக்கிறேன். பின்னாளில் கடை அளவுக்கு மீறி வளர்ந்ததும் அதை விட்டுவிட்டுத் தையலோடு நிறுத்திக்கொண்டார்.

நமக்குப் பக்கத்திலேயே ஒருவர் இருந்தார். பர்மிங்காமில் பிறந்து திருவனந்தபுரத்தில் வாழ்ந்து 2007இல் மறைந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர். எளிமை என்ற குவேக்கர் நெறி அவர் கையில் செங்கல் கணக்காக மாறியது. அவர் பரப்பிய 'எலிப்பொறிக் கட்டு' என்ற சுவர் கட்டும் முறையில் செங்கல்லைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்துவார்கள். ஒன்பது அங்குலச் சுவரின் நடுவே பொள்ளல் விழும். செங்கல் ஏறக்குறைய கால் பங்கு மிச்சம், வெயிலும் குறைவாக உள்ளே வரும். கல் ஒரே அளவில் இல்லாவிட்டாலோ கலவை உள்ளே விழுந்து பொள்ளலை அடைத்தாலோ பலன் போய்விடும். பூச்சு இல்லாத சுவர் என்பதால் கொத்தனாரின் கைத்திறன் அப்படியே வெளியே தெரியும்.

சரி, வருகிற ஏவுதல் உண்மையா, வெறும் ஆசையா? தனியாகத் தீர்மானிக்க முடியாது என்பதுதான் குவேக்கர்களின் முக்கியமான பாடம். வாராந்தரக் கூடுகை ஒரு மணி நேர மௌனம். (நான் சொல்வது பிரிட்டிஷ் மரபு. குவேக்கர்கள் மிக அதிகமாக வாழும் கென்யாவில் போதகரும் பாட்டும் உண்டு.) சபை அலுவல்களிலும் வாக்கெடுப்பு கிடையாது. கூட்டத்தின் மனம் எங்கே நிற்கிறது என்பதைக் கூட்டத்தை நடத்தும் 'கிளார்க்' அங்கேயே எழுதி வாசிப்பார், சம்மதம் என்றால் மற்றவர்கள் 'ஹோப் ஸோ' (அப்படியே நம்புகிறேன்) என்பார்கள். இதன் பலவீனம் வேகம். அடிமை முறைக்கு எதிராக அமெரிக்காவின் பென்சில்வேனியாவிலுள்ள ஜெர்மன்டவுனில் 1688இல் மனு எழுதினார்கள். அடிமை வைத்திருப்பவருக்குச் சபையில் இடமில்லை என்று ஃபிலடெல்ஃபியா ஆண்டுக் கூடுகை முடிவெடுத்தது 1776இல். 88 ஆண்டு. அந்தத் தாமதத்தை அடிமைகள்தான் சுமந்தார்கள்.

தனிமனிதத் தீர்மானங்களுக்குத் 'தெளிவுக் குழு' இருக்கிறது. திருமணத்துக்கு முன் வேறு தடை உண்டா என்று பார்க்க 17ஆம் நூற்றாண்டில் தோன்றிய ஏற்பாடு இது. பிற்காலத்தில் வேலை, இடமாற்றம் என்று விரிந்தது. குவேக்கராக இல்லாதவரும் இதைச் செய்து பார்க்கலாம். உங்கள் சிக்கலைச் சில பக்கங்களில் எழுதி, ஐந்தாறு பேருக்கு முன்கூட்டியே கொடுங்கள். வேறுவேறு பின்னணி உள்ளவர்களாக இருக்கட்டும். ஆமாம் போடுகிறவர்களை மட்டும் கூப்பிட்டால் கூட்டமே வீண். இரண்டு, மூன்று மணி நேரம் ஒதுக்கி மௌனத்தில் தொடங்க வேண்டும். ஒருவர் குறிப்பெடுக்கலாம். ஒரே விதி: கேள்வி மட்டும், அறிவுரை கூடாது.

விதி உடைவது பெரும்பாலும் கேள்வி வேடம் போட்ட அறிவுரையால். 'ராஜினாமா செய்வதைப் பற்றி யோசித்தாயா?' என்பது கேள்வியே அல்ல. 'இந்த வேலையில் கடைசியாக எப்போது நேரம் போனது தெரியாமல் இருந்தாய்?' என்பது கேள்வி, ஏனென்றால் கேட்டவருக்கே பதில் தெரியாது. அடுத்த தவறு அவசரம். பதில் வந்ததும் மேலே விழுந்து இன்னொன்று கேட்கக் கூடாது. பதில் சொல்ல விருப்பமில்லை என்றால் மறுக்கலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. தன் ஆர்வத்துக்காக ஊர்க்கதை விசாரிப்பதும் ஆகாது. கடைசிக் கால் மணி நேரத்தில், உங்கள் வாயிலிருந்து வந்த சொற்களையே அவர்கள் திருப்பிச் சொல்வார்கள்: 'அப்பாவைப் பற்றிப் பேசும்போது மட்டும் குரல் இறங்கியது.' முடிந்ததும் குறிப்புகள் உங்கள் கைக்கு வந்துவிட வேண்டும். அங்கே பேசியது வெளியே போகாது. நீங்களாக எடுக்காத வரை, தெருவில் பார்த்தால்கூட உங்களிடமே யாரும் அந்தப் பேச்சை எடுக்க மாட்டார்கள்.