உள்ளி கேட்டா எதக் குடுப்பாங்க?

பாறசாலையிலிருந்து ஒரு வாசகி: அண்ணாச்சி, எனக்குப் பொறந்த வீடு திருநெல்வேலி, வாக்கப்பட்டது பாறசாலை. கடையில போயி வெங்காயம்னு கேட்டா கடைக்காரர் முழிக்கிறார், மாமியார் ஒரு நேரம் உள்ளிங்கிறாங்க ஒரு நேரம் சவாளங்கிறாங்க, எங்கூர்ல பல்லாரின்னு சொல்லுவோம். ஒத்த சாமானுக்கு எதுக்கு இத்தன பேரு? மத்த பாஷையில எல்லாம் எப்படி சொல்றாங்க?

பதில்: ஒத்த சாமான் இல்ல தங்கச்சி, ரெண்டு சாமான், அதுலதான் குழப்பமே. உங்க மாமியார் உள்ளின்னா சின்ன வெங்காயம், சவாளன்னா பெரிய வெங்காயம். மலையாளத்துல சின்னத செறிய உள்ளி, சுவன்னுள்ளி, குஞ்ஞுள்ளின்னு ஊருக்கு ஊரு கொஞ்சுவாங்க, பூண்டுக்கு வெளுத்துள்ளி. உள்ளித்தீயல் வைக்கச் சொன்ன அன்னைக்கு சவாளய நறுக்கிப் போட்டுட்டு நிக்காதீங்க, அப்புறம் வீட்ல ரெண்டு நாளைக்குப் பேச்சுவார்த்தை இருக்காது.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் என்னன்னா, உள்ளிங்கிறது தமிழ், மலையாளம், கன்னடம், தெலுங்கு நாலுலயும் இருக்கிற பழைய சொல்லு, குமரி மாவட்டத்துக்காரங்க இன்னைக்கும் விடாம வச்சிருக்காங்க, மத்த தமிழ்நாட்டுலதான் வெங்காயம்ங்கிற பேரு அத ஓரங்கட்டிருச்சு. ஆனா பெரிசு இருக்கே, அது எங்க போனாலும் வந்த வழிய பேருல ஒட்டிக்கிட்டே திரியுது. உங்க பல்லாரி வேற எதுவும் இல்ல, கர்நாடகாவுல இருக்கிற பெல்லாரியேதான், 1953 வரைக்கும் அது மெட்ராஸ் பக்கம் இருந்த ஜில்லா. இலங்கையில அதே வெங்காயம் பம்பாய் வெங்காயம். இந்தோனேசியாவுல பாவாங் பொம்பாய், பாவாங்னா வெங்காயம், பொம்பாய் எதுன்னு சொல்ல வேண்டியதே இல்ல. சீனாக்காரங்க யாங்சோங்ங்கிறாங்க, கடல் தாண்டி வந்த வெங்காயத்தாள்னு அர்த்தம். உங்க மாமியாரோட சவாள மட்டும் உள்ளூரா? போர்ச்சுகீஸ்காரங்க செபோலான்னு சொன்னதுதான் மலையாளக் கரையில சவாள ஆச்சு, ஜன்னல் சாவி அலமாரி எல்லாம் வந்ததும் அவங்ககிட்ட இருந்துதான்.

நகரியிலிருந்து ஒரு வாசகர்: சார், எங்களுக்கு வீட்ல தமிழ், வெளிய தெலுங்கு. சந்தையில எர்ரகட்டங்கிறாங்க, டிவியில உல்லிபாயங்கிறாங்க. எது சரியான தெலுங்கு?

பதில்: ரெண்டுமே சரிதான் சார். உல்லிபாய கடலோர ஆந்திரா பேச்சு, எர்ரகட்ட உங்க சித்தூர், ராயலசீமா பக்கத்துப் பேச்சு, டிவிக்காரங்க சொல்றதாலயே அது ஒசத்தி ஆயிடாது. எர்ரன்னா சிவப்பு, கட்டன்னா கிழங்கு மாதிரி உருண்டையா இருக்கிறது. பூண்டு வெள்ளையா இருக்கிறதால தெல்லகட்ட, கடலோரத்துல வெல்லுல்லி. உருளைக்கிழங்கையும் நம்ம தமிழ்ல இருந்து எடுத்து உர்லகட்ட ஆக்கி வச்சிருக்காங்க பாருங்க. இதே கணக்குதான் மலாய்க்காரங்களுக்கும், பாவாங் மேரான்னா சிவப்பு, அது சின்ன வெங்காயம், பாவாங் பூத்தேன்னா வெள்ளை, அது பூண்டு. கன்னடத்துல ஈருள்ளி, பூண்டு பெள்ளுள்ளி. வட கர்நாடகாவுல உள்ளாகட்டின்னு உள்ளியையும் கட்டையையும் சேத்தே முடிச்சுட்டாங்க. ஒண்ணே ஒண்ணு, ஐதராபாத் போயி ஆட்டோக்காரர்கிட்ட எர்ரகட்டான்னு சொல்லிடாதீங்க, அந்தப் பேருல அங்க ஒரு ஏரியாவே இருக்கு, நேரா மெட்ரோ ஸ்டேஷன்ல கொண்டு போயி விட்டுருவார்.

கொல்லங்கோட்டிலிருந்து ஒரு வாசகர்: ஒருத்தர மட்டம் தட்ட ‘பெரிய வெங்காயம்’னு சொல்றது எதுக்கு?

பதில்: உரிச்சுக்கிட்டே போனா உள்ள ஒண்ணும் இருக்காதே, அதான். பெரியாரு மேடைக்கு மேடை சொல்லிச் சொல்லியே அத ஊர் வசவா ஆக்கிட்டாரு.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு வாசகி: என் பையன் துபாய்ல ஹோட்டல் கிச்சன்ல வேலை பாக்கிறான். போன் பண்ணினா பஸல்ங்கிறான், ப்யாஜ்ங்கிறான், இன்னும் என்னென்னவோ சொல்றான். என்னதுங்க இதெல்லாம்?

பதில்: எல்லாம் வெங்காயந்தாம்மா, பையன் பாஷை கத்துக்கிறான், சந்தோஷப்படுங்க. பஸல் அரபி. ப்யாஜ் இந்தி, உருது, அதுவும் பாரசீகத்துல இருந்து வந்தது. மராட்டிக்காரர் இருந்தா காந்தாம்பார், நம்ம கந்தமூலம்னு சொல்றோமே அந்தக் கந்தந்தான். பிலிப்பைன்ஸ்காரங்க இல்லாத கிச்சன் அங்க கம்மி, அவங்க சிபுயாஸ்ம்பாங்க, அது ஸ்பெயின்காரங்க விட்டுட்டுப் போன செபோயாஸ். கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க, மலையாளிப் பையன் சவாளங்கிறான், பக்கத்துல நிக்கிற பிலிப்பைன்ஸ் பையன் சிபுயாஸ்ங்கிறான், ரெண்டும் பெரியப்பா பசங்க சித்தப்பா பசங்க மாதிரி ஒரே வீட்டுச் சொல்லு, ரெண்டு பேருக்குமே தெரியாது. உங்க பக்கமே என்ன நடக்குதுன்னா, ஒட்டன்சத்திரத்துல சின்ன வெங்காயம்னு லாரி ஏறுன மூட்டை பாலக்காட்டுல இறங்கும்போது செறிய உள்ளி ஆயிடுது.

செங்கோட்டையிலிருந்து ஒரு வாசகி: யாழ்ப்பாணத்துச் சமையல் வீடியோவுல ‘உள்ளி பத்துப் பல்லு’ன்னாங்க. சின்ன வெங்காயம் பத்து போட்டேன், ருசி சேரவே இல்ல.

பதில்: எப்படிம்மா சேரும், அவங்க ஊர்ல உள்ளின்னா பூண்டு! பல்லுன்னு சொன்னப்பவே பிடிச்சிருக்கலாம். அவங்க வெங்காயம்னா வெங்காயந்தான், அதுல பயப்பட வேண்டாம். சிங்களச் சமையல் பாக்கிறதா இருந்தா இன்னும் உஷாரா இருங்க, லுணுன்னா உப்பு, லூணுன்னா வெங்காயம், சுது லூணுன்னா பூண்டு, குறில் நெடில்லதான் வித்தியாசமே, அதனால காத நம்பாம அவங்க கையில என்ன இருக்குன்னு பாத்துப் போடுங்க.