இளைஞர் மனநல ஆராய்ச்சிக்கு அரசு பணம் கொடுப்பது வீண்தானே? அந்தப் பணத்தில் பள்ளிக்கு ஓர் ஆலோசகரைப் போட்டுவிடலாமே?

பென்னாகரம் பக்கத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் ஆசிரியராக இருக்கிறேன். ஆலோசகர் வேண்டும் என்பதில் உங்களைவிட எனக்கு அவசரம் அதிகம். ஆனால் அதற்காக ஆராய்ச்சிப் பணத்தில் கை வைக்கச் சொல்வதை ஒப்புக்கொள்ள முடியவில்லை.

சரி, ஆலோசகர் போடலாம். யாரைப் போடுவது? இருக்கிற ஆசிரியருக்கே இரண்டு நாள் பயிற்சி கொடுத்து ஒப்பேற்றுவதுதான் எந்த அரசுக்கும் முதலில் தோன்றும், செலவும் குறைவு. பீகாரில் நாலந்தா மாவட்டத்தில் 74 பள்ளிகளை எடுத்து இதைச் சோதித்தே பார்த்தார்கள். ‘சேஹர்’ என்று அந்த ஆய்வுக்குப் பெயர். ஒரு பகுதிப் பள்ளிகளில் ஆசிரியரிடம் பொறுப்பைக் கொடுத்தார்கள். இன்னொரு பகுதியில் மனநலப் பட்டம் எதுவும் இல்லாத, ஆனால் பயிற்சி பெற்ற ஓர் ஆலோசகரை உட்காரவைத்தார்கள். மீதிப் பள்ளிகளில் வழக்கமான வளரிளம் பருவ வகுப்பு மட்டும். ஆலோசகர் இருந்த பள்ளிகளில் பள்ளிச் சூழல் நன்றாக மாறியது, பிள்ளைகளின் மனச்சோர்வும் அடிதடியும் குறைந்தன. ஆசிரியரிடம் விட்ட பள்ளிகளில் சொல்லும்படி மாற்றம் எதுவுமில்லை. 2018 கடைசியில் லான்செட் மருத்துவ இதழில் முடிவு வெளிவந்தது.

எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. எமிஸ் என்ற அரசு இணையதளத்தில் மாணவர் விவரப் பதிவு, தேர்தல் வேலை, பொதுத்தேர்வு சதவீதம் என்று ஓடுகிறவரிடம், அதுவும் தனக்கு மதிப்பெண் போடுகிறவரிடம், எந்தப் பிள்ளை மனதைத் திறக்கும்? ஆனால் நான் சொன்னால் அது வேலை செய்யச் சலித்துக்கொள்ளும் வாத்தியார் பேச்சு. 74 பள்ளிகளின் கணக்கை அப்படித் தள்ள முடியாது. அந்த ஆய்வுக்குப் பணம் தந்தது மெக்கார்தர் என்ற அமெரிக்க அறக்கட்டளையும் ஐநா மக்கள்தொகை நிதியமும். நம் பள்ளியில் எது பலிக்கும் என்று தெரிந்துகொள்ளக்கூட வெளியார் காசு வேண்டியிருக்கிறது.

தர்மபுரிக்காரராக இருந்தால் உங்களுக்கு ஃபுளோரைடு கதை தெரிந்திருக்கும். பல்லில் காவி ஏறிய பிள்ளையை ‘ஒழுங்காகப் பல் விளக்கு’ என்று அதட்டிய காலம் உண்டு. போர்வெல் தண்ணீரில் ஃபுளோரைடை ஊர் ஊராக அளந்து பார்த்த பிறகுதான் குற்றம் பிள்ளையிடம் இல்லை, தண்ணீரில் என்று தெரிந்தது. ஜப்பான் கடனுதவியோடு 1,900 கோடிக்கு மேல் செலவழித்து 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தது. தண்ணீரை அளந்த செலவு வீண் என்று இங்கே யாரும் பேசி நான் கேட்டதில்லை.

மனநலத்தில் அந்த அளவெடுப்பே அரைகுறை. மத்திய சுகாதார அமைச்சகத்துக்காக பெங்களூரின் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் 2015-16-ல் நடத்திய தேசிய மனநல ஆய்வில் 12 மாநிலங்கள், தமிழ்நாடும் அதில் உண்டு. 13 முதல் 17 வயதுக்குள் 7.3 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலக் குறை என்றது அந்த அறிக்கை. பெரியவர்கள் சுமார் 35,000 பேரைப் பேட்டி கண்டவர்கள், இந்த வயதில் பார்த்தது சுமார் 1,200 பேரை. இதை வைத்துக்கொண்டு தர்மபுரியைப் பற்றி என்ன சொல்ல முடியும்?

உள்ளூரில் இறங்கி எண்ணினால் என்ன ஆகும் என்பதற்கு வேலூர் சிஎம்சி செய்த வேலை ஒன்று இருக்கிறது. கணியம்பாடி ஒன்றியத்தில் சுமார் ஒரு லட்சம் மக்களிடையே, ஒவ்வொரு சாவுக்கும் காரணத்தைச் சுகாதாரப் பணியாளர்கள் வீட்டுக்கே போய் விசாரித்துப் பத்தாண்டுகள் பதிவு செய்தார்கள். 10 முதல் 19 வயதில் தற்கொலை விகிதம், ஆண்டுக்கு லட்சத்துக்குப் பெண்களில் 148, ஆண்களில் 58. 2004-ல் இது வெளியானபோது அரசுக் கணக்குகள் பக்கத்தில்கூட வரவில்லை. நம் கிருஷ்ணகிரியிலிருந்து கணியம்பாடி அப்படியொன்றும் தூரமில்லை.

இங்கே கேட்க வேண்டியதோ நிறைய இருக்கிறது. அப்பா அம்மா பெங்களூரில் கட்டட வேலை, பிள்ளை பாட்டி வீட்டில். பத்தாம் வகுப்பு முடிப்பதற்குள் கல்யாணம் பேசப்படும் பெண். பன்னிரண்டு முடித்த கையோடு ஓசூர்த் தொழிற்சாலை விடுதிக்குப் போய் இரவு ஷிப்ட் பார்க்கும் பதினெட்டு வயதுக்காரி. எது எவ்வளவு பாதிக்கிறது, எது தானாகச் சரியாகிவிடுகிறது என்பதெல்லாம் அதே பிள்ளைகளை வருடக்கணக்கில் பின்தொடர்ந்தால்தான் தெரியும். இதற்குத்தான் அரசு வேண்டும். அறக்கட்டளைகள் பெரும்பாலும் சில வருடங்களுக்குத்தான் பணம் தரும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சேர்ந்து பணம் போட்ட, பிள்ளைகளின் மனநலத்தைப் பின்தொடரும் ‘சிவேதா’ ஆய்வு, 6 முதல் 23 வயது வரை சுமார் 10,000 பேரைக் குறிவைத்தது. ஆந்திராவின் ரிஷிவேலி கிராமப் பகுதியும் அதில் இருக்கிறது. அந்த மாதிரி ஒன்று நம் பக்கமும் வர வேண்டும் என்பது என் ஆசை.

உங்கள் எரிச்சலில் நியாயமும் உண்டு. எங்கள் பள்ளிக்குப் படிவத்தோடு வந்தவர்கள் பிள்ளைகளிடம் ‘சாகத் தோன்றியிருக்கிறதா’ என்றெல்லாம் கேட்டு நிரப்பிக்கொண்டு போனார்கள். முடிவைச் சொல்ல ஒருவரும் திரும்பவில்லை. ‘ஆம்’ என்று எழுதிய பிள்ளையை அன்றைக்கே யார் பார்ப்பார்கள் என்ற ஏற்பாடும் இல்லை. அரசு பணம் கொடுக்கும்போதே இந்த இரண்டையும் நிபந்தனையாக வைக்க வேண்டும்: பள்ளிக்குத் தமிழில் முடிவு, ஆபத்தில் இருக்கும் பிள்ளைக்கு உடனே ஓர் ஆள். இதைச் செய்யாத ஆய்வுக்கு நிதியை நிறுத்தினால் நானும் கைதட்டுவேன்.

உங்கள் வீட்டுப் பிள்ளையை மனதில் வைத்துக் கேட்டிருந்தால், எந்த ஆய்வுக்கும் காத்திருக்க வேண்டாம். அரசின் மனநல உதவித் தொலைபேசி டெலிமானஸ் 14416, இலவசம், எந்த நேரமும் தமிழில் பேசலாம். நேரில் பார்க்க தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. ஓபி சீட்டு வாங்க காலையிலேயே போய்விடுங்கள்.