உறுப்புகளின் முப்பரிமாண மாதிரிகள்: கேளுங்கள், சொல்கிறேன்

முதலாண்டு மாணவி: சார், உடற்கூறியல் படிக்க இலவசமாக எது கிடைக்கும்?

படிக்க மட்டும் என்றால் ஜப்பானின் பாடிபார்ட்ஸ்3டி என்ற முப்பரிமாண மாதிரித் தொகுப்பு போதும்மா, உறுப்பு உறுப்பாகத் தனிக் கோப்பு இருக்கும். நிஜ உடலைப் பார்க்க வேண்டுமா, அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் விசிபிள் ஹியூமன் இருக்கிறது. உறைய வைத்த உடலைச் சீவிச் சீவி ஒவ்வொரு சீவலுக்கும் படமெடுத்தார்கள். 1994-இல் வந்த ஆண் உடலில் இடைவெளி 1 மி.மீ., அடுத்த ஆண்டு வந்த பெண் உடலில் 0.33 மி.மீ. 2019 முதல் உரிமத்துக்கு விண்ணப்பிக்கவே வேண்டாம். ஆனால் அது ஓர் ஆண், ஒரு பெண், அவ்வளவுதான். எல்லோருடைய கல்லீரலும் அப்படியே இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள்.

நிரலாளர்: கல்லீரலைத் தானாக அடையாளம் காணும் செயற்கை நுண்ணறிவு மாடலுக்குப் பயிற்சி தர எஸ்டிஎல் கோப்புகள் போதுமா?

போதாது. எஸ்டிஎல்லில் இருப்பது முக்கோணங்களால் ஆன மேற்பரப்பு மட்டும். உள்ளே திசு இல்லை, அளவு மில்லிமீட்டரா சென்டிமீட்டரா என்றுகூட அதில் எழுதியிருக்காது. உங்களுக்கு வேண்டியது மூல ஸ்கேனும், எது கல்லீரல் எது மண்ணீரல் என்று குறித்த லேபிளும். ஸ்கேனில் உறுப்புகளைத் தானாகக் குறிக்கும் மென்பொருளான டோட்டல்செக்மென்டேட்டரின் முதல் சி.டி. தொகுப்பில் 1204 ஸ்கேன், உறுப்புகள், எலும்புகள், தசைகள், இரத்தக் குழாய்கள் என மொத்தம் 104 குறிக்கப்பட்டிருக்கின்றன. நல்ல தொகுப்பு, தாராளமாக எடுங்கள். ஆனால் லேபிள்களை மாடலே முதலில் போட்டு மனிதர்கள் திருத்தினார்கள், அதனால் சிலவற்றையாவது திறந்து உங்கள் கண்ணால் பாருங்கள். அப்புறம், ஒரே நோயாளியின் ஸ்கேன் பயிற்சியிலும் சோதனையிலும் கலந்துவிட்டால் வரும் மதிப்பெண் பொய்.

இன்னொருவர்: எங்கள் ஸ்கேனிலிருந்து எடுத்த சிறுநீரகம் படிக்கட்டு மாதிரி வருகிறது, ஸ்மூத் செய்தால் சரியாகுமா?

பார்க்க அழகாகும், சரியாகாது. ஸ்லைஸ் தடிமன், அதாவது ஸ்கேனின் ஒவ்வொரு அடுக்கின் தடிமன், 5 மி.மீ. ஆக இருக்கும், பாருங்கள். சிறுநீரகத் தமனியே ஏறக்குறைய 5, 6 மி.மீ. அகலம்தான், அதன் கிளைகள் அந்தப் படத்தில் எப்படி விழும்? ஸ்மூத் செய்யச் செய்ய மெல்லிய குழாய்கள் இன்னும் சுருங்கும். அதே ஸ்கேனை 1 மி.மீ. அளவில் மறுபடி உருவாக்கித் தர முடியுமா என்று ரேடியாலஜி பிரிவில் கேளுங்கள், மூலத் தரவு அழியாமல் இருந்தால் முடியும்.

மருத்துவர்: நோயாளி பெயரை நீக்கிவிட்டு எங்கள் ஸ்கேன்களை வெளியிடலாமா?

பெயரை மட்டும் நீக்கினால் போதாது டாக்டர். ஸ்கேன்கள் சேமிக்கப்படும் டைகாம் கோப்பின் தலைப்பில் பிறந்த தேதி, மருத்துவமனை, ஸ்கேன் எடுத்த நாள் எல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கும். தலை ஸ்கேன் என்றால் அதிலிருந்து முகத்தையே வடித்தெடுக்கலாம், முகப் பகுதியை அழித்துத்தான் தர வேண்டும். நெறிமுறைக் குழுவின் அனுமதியை முதலில் வாங்கிவிடுங்கள், கோப்பு ஒருமுறை வெளியே போனால் திரும்ப வாங்க முடியாது.