'உண்மைச் சம்பவம்' எண்டு போட்டால் உண்மையோ?

'டெக்சாஸ் செயின்சோ மசாக்கர்' எண்ட திகில் படம் தொடங்கேக்கை, சம்பவம் நடந்தது 1973 ஆகஸ்ட் 18 எண்டு திகதியே வருது. திகதியோடை பொய் சொல்லுவாங்களோ? (சாவகச்சேரி)

சொல்லுவார்கள். அந்தத் திகதியே கள்ளனைக் காட்டிக் கொடுக்கிறது. அதற்கு முன்னமே படப்பிடிப்பு முடிந்துவிட்டது. கொலை நடக்க முதலே படம் ரெடி! கதைக்கு அடி எடுத்துக் கொடுத்தவன் அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் 1957இல் பிடிபட்ட எட் கீன். மயானத்தில் பிணங்களைத் தோண்டி, மனிதத் தோலில் முகமூடி செய்தவன். இரண்டு பெண்களைக் கொன்றதாக ஒப்புக்கொண்டவன். அவனிடம் செயின்சோ என்கிற இயந்திர வாள் இல்லை. டெக்சாஸ் இல்லை. ஆள் தின்னும் குடும்பமும் இல்லை. முகமூடி ஒன்றுதான் மெய்.

'பிளேயர் விட்ச்' திகில் படத்திலை வாற மூண்டு பெடியளும் மெய்யாவே காணாமல் போனவையோ? (நல்லூர்)

மூவரும் நடிகர்கள். 1999இல் படம் வரும்போது அவர்களைக் காணவில்லை என்று நோட்டீஸ் ஒட்டினார்கள், இணையத்தளம் போட்டார்கள். நடிகையின் தாய்க்கு அனுதாப அட்டைகள் வந்தனவாம். கெட்டிக்கார விளம்பரம் என்று உலகமே மெச்சுகிறது. காணாமல் போன பிள்ளையின் படத்தோடு தாய்மார் வீதியில் குந்தியிருக்கிற ஊரில் இருந்துகொண்டு என்னால் மெச்ச ஏலாது.

'அனபெல்' படத்திலை வாற பேய்ப் பொம்மை உண்மையோ? (கோப்பாய்)

பொம்மை உண்டு. ஆனால் படத்தில் வருகிற கோர முகம் இல்லை. சிவப்பு நூல் தலைமயிரோடு, கடையில் விற்கிற சாதாரணத் துணிப் பொம்மை. அதைப் போட்டால் ஆர் பயப்பிடுவினம்?

பாழடைஞ்ச வீடொண்டிலை குறும்படம் எடுக்கிறம். 'உண்மைச் சம்பவம்' எண்டு போடலாமோ? (திருநெல்வேலி)

போடாதேங்கோ. அமெரிக்காவில் பேய்ப்படமாக வந்த அமிட்டிவில் வீட்டைப் பாருங்கோ. 1974இல் ஒரு குடும்பத்தில் ஆறு பேர் சுடப்பட்டது உண்மை. பிறகு குடிவந்தவர்கள் 28 நாளில் ஓடினதும் உண்மை. பேய்க்கதை? 'வைன் போத்தல்களோடு இருந்து சோடித்தது' என்று கொலையாளியின் வழக்கறிஞரே 1979இல் சொல்லிவிட்டார். ஆனாலும் வேடிக்கை பார்க்க வந்த சனத்தின் தொல்லை தாங்காமல் பின்னால் வந்த சொந்தக்காரர் ஜன்னலையும் வீட்டு இலக்கத்தையும் மாற்ற வேண்டி வந்தது. உங்கள் வீட்டுக்காரர் கனடாவில் இருந்தாலும் நாளைக்கு விற்க நினைப்பார். கேற்றும் மதிலும் தெரியாமல் எடுங்கோ. முடிவில் 'கற்பனை' என்று பெரிய எழுத்தில் போடுங்கோ.