சம்பளம் வாங்காத கோச்

அண்ணனுக்கு வணக்கம்.

தொண்டிக்குத் தெற்கே கடலோர ஊர் எங்களுடையது. பள்ளியில் கைப்பந்து சொல்லித்தருகிறவர் சம்பளம் வாங்காமல் வருபவர், ஊரில் செல்வாக்கானவர். பந்து, வலை எல்லாம் அவர் கொடுத்ததுதான். ஒன்பதாம் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்கு ராத்திரி பதினொரு மணிக்கு மெசேஜ் போடுகிறார், போட்டோ அனுப்பச் சொல்கிறார். தலைமை ஆசிரியர், "காசு வாங்காம உழைக்கிறவரும்மா, நான் கூப்பிட்டுச் சொல்றேன்" என்கிறார். ஊர்த் தலைவர் கூட்டத்தில் பேசி முடித்துவிடலாம் என்கிறார். என்ன செய்வது? பெயர் வேண்டாம்.

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் அந்தக் 'கூப்பிட்டுச் சொல்வதை' நிறுத்தச் சொல்லுங்கள். சொன்னால் அன்றைக்கே அவர் போனில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும், யார் சொன்னது என்று தேடத் தொடங்குவார். பிள்ளையின் போனில் இருப்பது அப்படியே இருக்கட்டும், எந்த குரூப்பிலும் போடாதீர்கள்.

ஊர்க்கூட்டம் மீன்வலை அறுத்த தகராறைத் தீர்க்கிற இடம். இது அங்கே தீராது. தொட்டால்தான் குற்றம் என்று நம் பக்கம் இன்னும் நினைக்கிறார்கள். பாலியல் நோக்கத்தோடு ஒரு குழந்தையைப் போனில் திரும்பத் திரும்பத் தொடர்புகொள்வதே குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டத்தின் 11-ஆம் பிரிவில் குற்றம். தெரிந்தவர் போலீசுக்குச் சொல்லியாக வேண்டும் என்கிறது 19-ஆம் பிரிவு, தனக்குக் கீழே இருப்பவர் செய்ததை நிறுவனப் பொறுப்பாளர் சொல்லாமல் விட்டால் ஓராண்டு வரை சிறை. தலைமை ஆசிரியரிடம் இதைப் பக்குவமாகச் சொல்லிப் பாருங்கள். அவர் அசையாவிட்டால் பிள்ளையின் வீட்டாரிடம் பேசிவிட்டு நீங்களே குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு போன் போடலாம். நல்லெண்ணத்தில் சொன்னவர்மேல் வழக்கு வராது.

'சத்தமில்லாமல் அனுப்பிவிடலாம்' என்றும் யாராவது சொல்வார்கள். நான் எட்டாவது படிக்கும்போது கபடி சொல்லித்தந்தவர் விசில் கயிற்றால் விளாசுவார், தழும்போடு வீட்டுக்குப் போனால் "உனக்காகத்தானே வெயில்ல நிக்கிறாரு" என்பார் அம்மா. ஒரு பையனுக்குக் காது கேட்காமல் போனதும் அவருக்குச் சால்வை போட்டு அனுப்பினார்கள், நாங்களும் கைதட்டினோம். அவர் அடுத்துப் போனதும் ஒரு பள்ளிக்கூடம்தான்.

இலவசமாக வருகிறவரிடம் யாருக்கும் வாய் வராது. அதோடு அவருக்கு நியமன உத்தரவும் இல்லை, அதனால் நீக்க யாருக்கு அதிகாரம் என்று முழிக்கிறார்கள். உண்மையில் இவரை நிறுத்துவதுதான் சுலபம்: விசாரணை முடியும்வரை மைதானத்துக்கு வரவேண்டாம் என்று ஒரு வரி எழுதிக்கொடுத்தால் போதும். பள்ளி, விளையாட்டுப் பயிற்சி மைய ஊழியர்களின் பின்னணியை போலீஸ் மூலம் சரிபார்க்க வேண்டும் என்று 2020 போக்சோ விதிகள் சொல்கின்றன, நம்மவர்களோ ஓசியில் வருகிறவர் ஊழியரா என்று விட்டுவிடுகிறார்கள். இனி யார் வந்தாலும் எழுத்தில் வாங்கட்டும். பிள்ளைகளோடு தனியாகப் போன் பேச்சு கூடாது, வெளியூர்ப் போட்டிக்கு ஒரு ஆசிரியையோ அம்மாவோ கூடப் போகவேண்டும், இவ்வளவுதான்.

அப்புறம், பயிற்சியை நிறுத்திவிடாதீர்கள். 'உன்னாலதான் டீம் போச்சு' என்று வந்துவிட்டால் அடுத்த பிள்ளை வாயே திறக்காது. பழைய மாணவி யாராவது வந்து ஆட்டுவிக்கட்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுக்குப் போகும் அப்பாக்கள் கரையில்தானே கிடக்கிறார்கள், ஆளுக்கொரு சாயங்காலம் மைதானத்தில் போய் உட்காரட்டும். அவர் பந்தையும் வலையையும் திருப்பிக் கேட்டால் கொடுத்துவிடுங்கள். ஊரில் நாலு வீட்டில் வசூல் செய்தால் வேறு வாங்கிவிடலாம், என் பங்கை நான் அனுப்புகிறேன்.