ராஜினாமா கடிதம் கேட்டால் எழுதிக் கொடுக்கலாமா?

கேள்வி: ஓசூர் சிப்காட்டில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் 11 ஆண்டுகளாக மெஷின் ஆபரேட்டராக இருக்கிறேன். மூன்று வாரமாக மெஷினில் விடாமல் ஸ்டோர் வாசலில் உட்கார வைத்திருக்கிறார்கள். ராஜினாமா கொடுத்தால் ஒன்றரை லட்சம் தருவதாகவும், மறுத்தால் பொம்மசந்திரா கிளைக்கு மாற்றிவிடுவதாகவும் ஹெச்.ஆர். சொல்கிறார். என்ன செய்யலாம்? – வாசகர், சூளகிரி

பதில்: எழுதிக் கொடுக்காதீர்கள். நிர்வாகம் உங்களை ஆட்குறைப்புச் செய்தால், ஒரு மாத முன்னறிவிப்போ அதற்குரிய ஊதியமோ தருவதோடு, வேலை பார்த்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியத்தை இழப்பீடாகத் தர வேண்டும். உங்கள் கணக்கில் அது 165 நாள் ஊதியம். நீங்களாக விலகியதாகக் கையெழுத்திட்டால் இந்தப் பொறுப்பு அவர்களுக்கு இல்லை. அதற்காகத்தான் உங்களை வாசலில் உட்கார வைத்திருக்கிறார்கள்.

ஒன்றரை லட்சத்தைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். உங்கள் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து மாதம் 20,800 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அதை 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்க, ஆண்டுக்கு 12,000 ரூபாய், 11 ஆண்டுக்கு 1,32,000 ரூபாய் பணிக்கொடை வருகிறது. ஐந்தாண்டு முடித்தவர் தானாக விலகினாலும் இதைக் கொடுத்தே தீர வேண்டும். ஆக, உங்கள் வேலைக்கு அவர்கள் வைக்கும் விலை 18,000 ரூபாய்.

கோபித்துக்கொண்டு வீட்டில் இருந்துவிடாதீர்கள். ‘தானாகவே வேலையை விட்டு நின்றுவிட்டார்’ என்று எழுத அது போதும். தினமும் பஞ்ச் வையுங்கள். எந்தத் தேதியிலிருந்து வேலை ஒதுக்கவில்லை, யார் ராஜினாமா கேட்டார், நீங்கள் வேலை செய்யத் தயார் என்பதை எழுதி, மின்னஞ்சலிலும் ஸ்பீடு போஸ்டிலும் அனுப்புங்கள்.

இந்த நேரம் பார்த்து ‘லேபர் கன்சல்டன்ட்’ என்று விசிட்டிங் கார்டு நீட்டும் ஒருவர் வருவார். ‘ஹெச்.ஆர். நம்ம ஆள், கூட ஐம்பதாயிரம் வாங்கித் தருகிறேன்’ என்று வெற்றுத் தாளில் கையெழுத்துக் கேட்பார். இரண்டு பக்கமும் கமிஷன் வாங்கும் இவர்களால் ஏமாந்தவர்கள் இந்த வட்டாரத்தில் ஏராளம். பி.எஃப். பணம் எடுத்துத் தருகிறேன் என்பவரிடம் ஓ.டி.பி. சொல்லிவிடாதீர்கள். அதற்கு விண்ணப்பிக்கக் கட்டணமே கிடையாது.

மாற்றல் விஷயத்தில் ஒரு சிக்கல் உண்டு. முதலில் நியமன உத்தரவை எடுத்து, வேறு கிளைக்கு மாற்றலாம் என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், போக மறுப்பதையே ஒழுங்கீனமாக்கி விசாரணை வைப்பார்கள். ஆகவே ஆட்சேபத்தை எழுத்தில் கொடுத்துவிட்டுச் சேருவதே பாதுகாப்பு. ஆனால் பொம்மசந்திரா கர்நாடகம். அத்திப்பள்ளியைத் தாண்டி அங்கே வேலையில் இருக்கும்போது நீக்கினால், நம் தொழிலாளர் துறை ‘எங்கள் எல்லை இல்லை’ என்று கைவிரிக்கலாம், வழக்கு பெங்களூருக்குப் போகலாம். எனவே ஆட்சேபக் கடிதம் ஓசூரிலிருந்தே, சேருவதற்கு முன்பே போக வேண்டும்; வற்புறுத்தல் இங்கே தொடங்கியது என்பதும் அதில் இருக்க வேண்டும்.

நீக்கியே விட்டால், தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் மனுக் கொடுங்கள். நிர்வாகத் தரப்பு வராமலே வாய்தா வாங்கும், அலுவலரும் அடுத்த தேதி தருவார்; மாதச் சம்பளத்தை நம்பியவனை எத்தனை முறை பஸ் ஏற வைப்பது என்று அங்கே யாரும் யோசிப்பதில்லை. ஆனாலும் சமரசம் ஆகவில்லை என்று அலுவலர் அறிக்கை கொடுத்தபின் நீங்களே நேரடியாக வழக்குத் தொடுக்கலாம். மனுக் கொடுத்ததற்கு ஆதாரமாக, உங்கள் நகலில் தேதியோடு அலுவலக முத்திரை வாங்காமல் திரும்பி வராதீர்கள்.